பள்ளத்தாக்கின் பள்ளத்தாக்கில் ஓர் ஆட்சி மொழி

கேள்வி இதுதான்: பிரான்ஸின் தென்பாதியில் பெரும்பகுதிக்குப் பரவியிருந்த ஒக்சிதான் மொழிக்கு அந்த நாட்டில் ஆட்சி மொழித் தகுதி கிடையாது. ஆனால் அதே மொழியின் ஒரு வட்டார வழக்கு, ஸ்பெயினில் சுமார் பத்தாயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஆட்சி மொழியாக இருக்கிறது. இது எப்படி நடந்தது? அது தனி மொழியா, வட்டார வழக்கா? ஆட்சி மொழி ஆனதால் பிழைத்துக்கொண்டதா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கு பிரனீஸ் மலையின் பிரெஞ்சுப் பக்கத்தில் இருக்கிறது; ஆனால் ஆள்வது ஸ்பெயின். இந்த முரண்தான் மொழியைக் காப்பாற்றியது, பின்னால் ஆட்சி மொழியாகவும் ஆக்கியது. ஆட்சி மொழி ஆனபின் அதை எழுதத் தெரிந்தவர்கள் கூடினார்கள். வீட்டில் பேசுகிறவர்கள் கூடவில்லை. இனி விவரமாகப் பார்க்கலாம்.

இடத்தின் பெயர் அரான் பள்ளத்தாக்கு. ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவின் வடமேற்கு மூலை, தலைநகர் வியெல்யா, மொத்தம் ஒன்பது நகராட்சிகள். பிரனீஸ் மலைத்தொடரில் ஸ்பெயின் - பிரான்ஸ் எல்லை பெரும்பாலும் முகட்டை ஒட்டியே ஓடும்: மழை தெற்கே வழிந்தால் ஸ்பெயின், வடக்கே வழிந்தால் பிரான்ஸ். அரானுக்கு வரும்போது இந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. முகட்டுக்கு வடக்கே இருக்கும் இந்தத் துண்டு ஸ்பெயினிடம் இருக்கிறது. கரோன் ஆறு இங்கேதான் பிறந்து, எல்லை தாண்டி துலூஸ், போர்தோ வழியாக அட்லாண்டிக்கில் போய்ச் சேர்கிறது. (அரான்காரர்கள் அதைக் ‘கரோனா’ என்பார்கள். நம் எழுத்தில் அதைப் படித்தால் வேறு நினைவுகள் வரும் என்பதால் பிரெஞ்சு வழக்கிலேயே கரோன் என்று எழுதுகிறேன்.) பெரெத் என்ற மேட்டுநிலத்தில் கரோனின் ஊற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் இன்னொரு ஆறும் பிறக்கிறது. நொகேரா பயரேசா என்ற அந்த ஆறு தெற்கே திரும்பி, கடைசியில் மத்தியதரைக் கடலுக்குப் போய்விடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் பிறந்த இரண்டு ஆறுகள், இரண்டு கடல்கள்.

கரோனின் உண்மையான மூலம் எது என்பதில்கூட ஒரு சுவையான கதை உண்டு. பிரனீஸின் உச்சிச் சிகரமான அனேத்தோவின் பனி உருகும் நீர், முகட்டின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரிய குழியில் விழுந்து மறைந்துபோகும். அது எங்கே போகிறது என்று நெடுநாள் விவாதம். 1931இல் நோர்பேர் காஸ்தெரே என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் அந்தக் குழியில் கிலோக் கணக்கில் சாயத்தைக் கொட்டினார். அரானில் ஓர் ஊற்று பச்சையாகப் பொங்கியது. தண்ணீர் மலைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துகொண்டிருந்தது. இது வெறும் ஆர்வக்கோளாறு அல்ல. அந்த நீரைத் தெற்கே திருப்பி மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் இருந்தது. திருப்பினால் கரோன் மெலிந்துபோகும் என்று காட்ட வேண்டியிருந்தது.

‘அரான்’ என்ற பெயரே மொழி வரலாற்றின் ஒரு துண்டு. பிரனீஸின் மேற்குக் கோடியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் ‘ஹரான்’ என்றால் பள்ளத்தாக்கு. ஆக, அரான் பள்ளத்தாக்கு என்றால் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்கு. நாம் ‘நடுசென்டர்’ என்கிற மாதிரி. லத்தீன் வருவதற்கு முன் இங்கே பேசப்பட்டது பாஸ்க்குக்கு உறவான ஒரு மொழி என்பதற்கு ஊர்ப்பெயரே சாட்சியாக நிற்கிறது. அந்தப் பழைய மொழி செத்துப்போனாலும், மேலே வந்து உட்கார்ந்த லத்தீனின் உச்சரிப்பில் தன் தடத்தை விட்டுப்போனதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இனி மொழிக்கு வருவோம். உள்ளூரில் ‘அரனேஸ்’, வெளியே ‘அரானீஸ்’. இது காஸ்கோன் என்ற வழக்கின் ஒரு கிளை. காஸ்கோன், ஒக்சிதானின் ஒரு கிளை. ஒக்சிதான் என்ற பெயர் ‘ஒக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘ஒக்’ என்றால் ஆமாம். இத்தாலியக் கவி தாந்தே ‘ஆமாம்’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே மொழிகளைப் பிரித்தார்: வடக்கே ‘ஒய்ல்’, தெற்கே ‘ஒக்’, இத்தாலியில் ‘சி’. அந்த ஒய்ல் பிற்காலத்தில் பிரெஞ்சின் ‘உய்’ ஆனது.

காஸ்கோன் மற்ற ஒக்சிதான் வழக்குகளிலிருந்து ஒலியிலேயே தனித்துத் தெரியும். லத்தீனில் ‘ஃப’ வருகிற இடத்தில் இதில் ‘ஹ’ வரும். பெண் என்பதற்கு மற்ற இடங்களில் ‘ஃபெம்ன’, இங்கே ‘ஹெம்ன’. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றம் விசித்திரமாகத் தோன்றாது. ஸ்பானிஷிலும் இதே மாற்றம் உண்டு. பாஸ்க் பேசிய நிலத்தின் இரு பக்கமும் இது நடந்திருப்பது தற்செயலா என்பது பழைய சர்ச்சை. அடுத்து, இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ‘ன’ காணாமல் போகும். நிலா லத்தீனில் ‘லூனா’, இங்கே ‘லூஅ’. இந்த இரண்டு விதிகளும் ஒரே சொல்லில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் மாவுதான் நல்ல உதாரணம்: லத்தீனில் ‘ஃபரீனா’, அரானீஸில் ‘ஹரீஅ’. முதலெழுத்தும் போயிற்று, நடுவெழுத்தும் போயிற்று. இதில் இன்னொரு கூத்து: பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் அந்த ‘ஹ’வும் இப்போது ஒலிப்பதில்லை, எழுத்தில் மட்டும் நிற்கிறது. பவுசென், கனெஜான் என்ற இரண்டு சிற்றூர்களில் மட்டும் மூச்சுக்காற்றோடு அதை இன்னும் சொல்கிறார்கள்.

அப்புறம் சொல்லின் கடைசியில் வரும் ‘ல்’, ‘உ’வாகக் கரையும். அதனால்தான் அவர்களுடைய ஆட்சி மன்றத்தின் பெயர் ‘கொன்செல் ஜெனெரால்’ ஆகாமல் ‘கொன்செல் ஜெனெராவ்’ என்று இருக்கிறது. பெயருக்கு முன்னால் வரும் சுட்டு (ஆங்கில ‘the’ மாதிரி) ஆண்பாலுக்கு ‘எத்’, பெண்பாலுக்கு ‘எரா’. எழுத்துமுறை 1980களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. ஒக்சிதானின் பொது எழுத்துமுறையையே எடுத்து, உள்ளூர் ஒலிக்குத் தக்கபடி இழைத்தார்கள். நம் ‘ஞ’ ஒலிக்கு அவர்கள் என்-எச் என்று இரண்டு எழுத்து போடுகிறார்கள், போர்ச்சுகீசியர்களும் அப்படித்தான். உச்சரிப்பை ஒட்டி ஸ்பானிஷ் பாணியில் எழுதாமல் ஒக்சிதான் பாணியைத் தேர்ந்ததை நான் வெறும் இலக்கண முடிவாகப் பார்க்கவில்லை. ‘நாங்கள் அந்தக் குடும்பம்’ என்று அவர்கள் எழுத்தில் போட்ட கையெழுத்து அது.

சரி, தனி மொழியா, வழக்கா? மொழியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் காஸ்கோனை ஒக்சிதானின் வழக்கு என்பார்கள். ஒரு சிறு பிரிவினர் தனி மொழி என்பார்கள். இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 14ஆம் நூற்றாண்டில் துலூஸில் எழுதப்பட்ட இலக்கண நூலே காஸ்கோனை அயல்மொழிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் அரானீஸைக் காஸ்கோனிலிருந்து பிரித்துத் தனி மொழி என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கட்டலோனியாவின் மொழியான கட்டலானிலிருந்தும் ஸ்பானிஷிலிருந்தும் சொற்கள் நிறைய ஏறியிருக்கின்றன. பல காஸ்கோன் வழக்குகளில் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘கெ’ இங்கே அவ்வளவாக வருவதில்லை. அந்த அளவுதான் வேறுபாடு. கட்டலான் மொழியியலின் பெரும்புள்ளியான ஜுவான் கொரோமினஸ் இளம் வயதில், 1920களில், இங்கே ஊர் ஊராகப் போய்ச் சொற்களைச் சேகரித்து அதை வைத்தே முனைவர் பட்டம் பெற்றார். அரானீஸ் காஸ்கோன்தான் என்பதில் அவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

எப்படி ஸ்பெயினிடம் போயிற்று என்பது அடுத்தது. 1175இல் பள்ளத்தாக்கினர், மலைக்குத் தெற்கே இருந்து பின்னால் ஸ்பெயினின் பகுதியான அரகோன் அரசின் மன்னரிடம் பாதுகாப்பை ஏற்றார்கள். 1283இல் பிரெஞ்சுப் படை புகுந்தது. முப்பது வருட இழுபறிக்குப் பின் 1313இல் மீண்டும் அரகோன் மன்னர் இரண்டாம் ஜவுமேயிடம் வந்தது. அவர் அந்த ஆண்டு கொடுத்த சாசனத்தின் பெயர் ‘கெரிமோனியா’. லத்தீனில் அதற்கு முறையீடு என்று பொருள். காடு, மேய்ச்சல், நீர், வேட்டை எல்லாம் ஊராருக்கே. பழைய வழக்கங்கள் அப்படியே தொடரும். வரி என்று பார்த்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு ஓர் அளவு கோதுமை. மன்னருக்கு இது நஷ்டமில்லை. பிரான்ஸின் வாசலில் விசுவாசமான குடிகள் கிடைத்தார்கள். கோட்டை கட்டிக் காப்பதைவிட அது மலிவு.

அந்தச் சாசனங்களைப் பாதுகாத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளத்தாக்கு ஆறு பிரிவுகளாக இருந்தது. ஆவணங்கள் இருந்த அலமாரிக்கு ஆறு பூட்டு, பிரிவுக்கு ஒரு சாவி. ஆறு பேரும் வந்தால்தான் திறக்கும். ‘ஆறு சாவி அலமாரி’ என்றே அதற்குப் பெயர் இருக்கிறது.

இந்த ஏற்பாடு நூற்றாண்டுகளுக்கு நின்றது. 1659இல் பிரனீஸ் உடன்படிக்கை எழுதப்பட்டபோது மலைமுகடே எல்லை என்ற பேச்சில் ருசியோன் முதலான பகுதிகள் பிரான்ஸுக்குப் போயின. அதே நியாயப்படி அரானும் போயிருக்க வேண்டும், போகவில்லை. திருச்சபைக் கணக்கில் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மலைக்கு வடக்கே உள்ள கொமிஞ்ச் மறைமாவட்டத்தில்தான் இருந்தது. அதாவது வரி ஒரு பக்கம், ஞானஸ்நானம் இன்னொரு பக்கம். நெப்போலியன் காலத்தில் சில ஆண்டுகள் ஒரு பிரெஞ்சு மாவட்டத்தின் பகுதியாகவும் இருந்து திரும்பியது. 1834இல் ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தின் நிர்வாகச் சீர்திருத்தம் கொன்செல் ஜெனெராவைக் கலைத்தது. பள்ளத்தாக்கு லெய்தா மாகாணத்தின் ஒரு மூலை ஆகிவிட்டது.

உரிமை போனாலும் மொழி போகாததற்குக் காரணம் பனி. போனாய்குவா கணவாய் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். அதன் வழியே வண்டி போகும் சாலை வந்ததே 1920களில்தான்; குளிர்காலத்தில் அதுவும் மூடிவிடும். அப்போது அரானிலிருந்து வெளியே போக வேண்டுமானால் ஆற்றோரமாகக் கீழே இறங்கி பிரான்ஸுக்குத்தான் போக முடியும். சொந்த நாட்டுக்குப் போக வழியில்லை. ஸ்பானிஷ் மொழி, பள்ளி ஆசிரியர் வழியாகவும் காவலர் வழியாகவும் வந்தது. ஆனால் வருடத்தில் பாதி நாள் மக்கள் தங்களுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 1926இல் தோண்டத் தொடங்கிய, ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமான வியெல்யா சுரங்கச் சாலை உள்நாட்டுப் போரைக் கடந்து 1948இல்தான் திறந்தது. 1944 அக்டோபரில் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவை எதிர்த்த நாடுகடந்த குடியரசுப் போராளிகள் பிரான்ஸிலிருந்து நுழைய இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்ததற்கும் இந்தத் துண்டிப்பு ஒரு காரணம். பத்து நாளில் திரும்பிப் போனார்கள் என்பது வேறு கதை.

ஃபிராங்கோ காலத்தில் ஸ்பானிஷ் தவிர எல்லா மொழிகளுமே ஒடுக்கப்பட்டன, அரானீஸும்தான். அவர் போனபின் ஸ்பெயின் தன்னாட்சிப் பகுதிகளாகப் பிரிந்தபோது கட்டலோனியாவுக்கு ஒரு சங்கடம் வந்தது. ‘எங்கள் மொழியை மத்ரித் நசுக்கியது’ என்று நியாயம் கேட்கிறவர்கள், தங்கள் எல்லைக்குள் இருக்கும் இன்னொரு சிறிய மொழியை என்ன செய்வார்கள்? என் பார்வையில் அரானீஸின் சட்ட வரலாறு முழுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். அதில் கொள்கையும் உண்டு, கௌரவப் பிரச்சினையும் உண்டு.

1979 தன்னாட்சிச் சட்டம் அரானீஸுக்குக் கல்வியும் தனிப் பாதுகாப்பும் உண்டு என்று ஒரு வரி போட்டது. 1984 முதல் பள்ளிகளில் நுழைந்தது. 1990ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டம் அதைப் பள்ளத்தாக்கில் ஆட்சி மொழியாக்கி, கலைக்கப்பட்ட கொன்செல் ஜெனெராவையும் மீட்டது. அடுத்த ஆண்டு அது கூடியது. அதன் தலைவருக்குப் பழைய ‘சிந்திக்’ என்ற பட்டமே இன்றும். பெரிய தாவல் 2006இல். புதிய தன்னாட்சிச் சட்டம், ‘அரானில் அரானீஸ் எனப்படும் ஒக்சிதான்’ கட்டலோனியா முழுவதற்கும் ஆட்சி மொழி என்றது. எழுபது லட்சம் பேருக்கு மேல் வாழும் பகுதியில், சில ஆயிரம் பேரின் தாய்மொழி மூன்றாவது ஆட்சி மொழி ஆயிற்று. பார்சிலோனாவில் உள்ள ஒருவரும் அரசுக்கு ஒக்சிதானில் மனுப் போடலாம். எத்தனை பேர் போடுகிறார்கள் என்று கேட்டால் அது வேறு விஷயம்.

2010இல் இதைச் செயல்படுத்தும் சட்டம் வந்தது. அரானில் நிர்வாகம், ஊடகம் ஆகியவற்றில் அரானீஸுக்கு முன்னுரிமை என்று அதில் எழுதியிருந்தார்கள். ஸ்பெயின் அரசு வழக்குப் போட்டது; 2018இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த முன்னுரிமைப் பிரிவுகளை ரத்து செய்தது. ஆட்சி மொழி என்றால் சமமாக நிற்கலாம், ஸ்பானிஷுக்கு முன்னால் நிற்கக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். காகிதத்தில் இது சமத்துவம். உலகமே பேசும் மொழியும் ஒரு பள்ளத்தாக்கு பேசும் மொழியும் சமமாக நின்றால் யார் ஜெயிப்பார்கள் என்று நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இருக்காது.

அந்தச் சட்டத்தில் ‘ஒக்சிதான்’ என்ற பெயர் நுழைந்ததும் சாதாரணமல்ல. பள்ளத்தாக்கில் சிலருக்கு அந்தப் பெயர் தூரத்துச் சொந்தக்காரரின் குடும்பப் பெயர் மாதிரி. பாட்டி பேசியது அரானீஸ். ஒக்சிதான் என்பது புத்தகத்தில் வந்த சொல். இன்னொரு தரப்பு, தனியாக நின்றால் பத்தாயிரம் பேர், குடும்பத்தோடு சேர்ந்தால் அகராதி, இலக்கியம், கலைச்சொல் எல்லாம் கிடைக்கும் என்கிறது. கணினிக்கோ மருத்துவத்துக்கோ புதுச் சொல் வேண்டுமென்றால் துலூஸோடு சேர்ந்து உருவாக்குவதா, உள்ளூர்க் காதுக்கு ஒத்துப்போவதைப் பார்ப்பதா என்பதில் இது நேரடியாக வந்து முட்டும். நான் இரண்டாம் தரப்பின் பக்கம்தான். இருந்தாலும் முதல் தரப்பைக் குறுகிய மனம் என்று தள்ள மாட்டேன். பாட்டியின் சொல்லைப் பேரன் எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் திருத்துகிறார் என்ற நிலை வந்தால், அந்த மொழி வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று பொருள்.

கடைசிக் கேள்வி: பிழைத்ததா? இங்கே எண்களைப் பார்ப்பதுதான் நல்லது. 2001இல் பள்ளத்தாக்கில் அரானீஸ் புரியும் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 89 பேர். 2008இல் அது சுமார் 78. பேசத் தெரிந்தவர்கள் 62இலிருந்து 57 ஆனார்கள். அதே காலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 27இலிருந்து 35 ஆகக் கூடினார்கள். பொதுவாகச் சாகும் மொழியில் முதலில் போவது எழுத்து. இங்கே அது தலைகீழ். பள்ளியில் சின்ன வகுப்புகளில் அரானீஸ்தான் பயிற்று மொழி, அதிலேயே எழுதப் படிக்கத் தொடங்குகிறார்கள். மேல்வகுப்புக்குப் போகப் போக அதன் பங்கு குறைகிறது. ஊர்ப் பலகைகள் அரானீஸில். கொன்செலில் வேலை வேண்டுமானால் அரானீஸ் தெரிந்திருக்க வேண்டும். ஆக, எழுத்துக்குச் சோறு போட அரசு இருக்கிறது.

வீட்டு மொழியைப் பற்றிய கேள்விக்கு 2008இல் கிடைத்த பதில்: முதலில் கற்ற மொழி அரானீஸ் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 22, ஸ்பானிஷ் என்றவர்கள் சுமார் 39. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1964இல் பக்கேய்ரா - பெரெத் பனிச்சறுக்கு மையம் திறந்தது. மாடு மேய்த்த சரிவுகளில் விடுதிகள் எழுந்தன. அதற்கு முன்பே நீர்மின் திட்டங்கள் வெளியாட்களைக் கொண்டுவந்திருந்தன. கட்டடம் கட்ட, அறை துடைக்க, சமையலறையில் நிற்க ஸ்பெயினின் மற்ற பகுதிகளிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று அங்கே வசிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியே பிறந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஸ்பானிஷ், கடைத்தெருவில் ஓடுவதும் அதுதான். பணம் படைத்த பனிச்சறுக்குப் பயணிகளால் வீட்டு விலையும் வாடகையும் ஏறியதில் உள்ளூர் இளைஞர்கள் வெளியேறுவதும் நடக்கிறது. இதற்கு மொழிச் சட்டத்தில் மருந்து கிடையாது. வீட்டுவசதித் துறையில்தான் தேட வேண்டும்.

இதைச் சொல்லும்போது சட்டம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீண் இல்லை என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். பிரான்ஸில் 1992இல் அரசியல் சட்டத்திலேயே ‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்று எழுதினார்கள். 2008இல் வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் சொத்து என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அருங்காட்சியகத்தில் வைக்கும் பொருளுக்குக் கொடுக்கிற மரியாதை அது. 2021இல் வட்டார மொழிகளை முழுநேரப் பயிற்று மொழியாக்க நாடாளுமன்றம் அனுமதித்தது; அரசியல் சட்ட மன்றம் அந்தப் பகுதியை அடித்துவிட்டது. பள்ளியில் ஒக்சிதான் பேசியதற்குத் தண்டனை வாங்கிய தலைமுறைகள் அங்கே உண்டு. அந்த வெட்கத்துக்கு ஒக்சிதானில் ‘வெர்கோன்ய’ என்று தனிப் பெயரே இருக்கிறது.

போசோஸ்ட் அரானின் கீழ்க்கோடி ஊர்களில் ஒன்று. அங்கிருந்து போர்த்தியோன் கணவாய் ஏறி இறங்கினால் பிரான்ஸின் லுஷோன். இரண்டு ஊர்ப் பேச்சும் ஒரே காஸ்கோன்தான். போசோஸ்ட் பெரியவர் ஒருவர் லுஷோன் சந்தைக்குப் போய், அங்கே மிச்சமிருக்கும் ஒரு பெரியவரோடு மாட்டு விலை பேசினால் தடங்கல் இருக்காது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சந்தித்தால் கதை வேறு: இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அரானீஸில் கட்டுரை எழுத வரும், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குத் தாத்தா பேசியது என்ன மொழி என்றே தெரியாமல் இருக்கலாம். அவர்கள் அரைகுறை ஸ்பானிஷிலோ ஆங்கிலத்திலோ பேசிக்கொள்வார்கள்.